தெரியாது மாஸ்ரர்

ஆசிரியன் ஒருவன் வகுப்பறையில் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டென்று எங்கள் கல்லூரி எங்களுக்குக் கற்பித்திருந்தது. வசைச்சொல்லை நான் கருதவில்லை. அது எவரும் எங்கும் சொல்லக்கூடாதது. நான் கருதுவது 'தெரியாது' என்ற சொல்லை. மாணவன் கேட்ட வினாவுக்கு விடை அறியாதவிடத்து, நல்ல கேள்வி, நாளைக்குப் பார்ப்போம் என்று கூறிவிட்டு, அன்று மாலையே நூலகத்துக்குச் செல்லவேண்டும். நான் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்தவன். அவற்றுட் சில ஆண்டுகள் உப அதிபராகவும் இருந்தவன். அந்தச் சொல்லை வகுப்பறையில் நான் ஒருபோதும் உச்சரித்ததில்லை.

இங்கே நான் எழுதப்புகும் மனிதரோ அதை ஒரு பாடவேளைக்குள் பல தடவை சொல்வார். கூச்சமின்றிச் சொல்வார். மாணவர் அவருக்கு இட்ட பட்டப்பெயரும் அதுவே: தெரியாது மாஸ்ரர். அவருடைய உற்றார் இன்றும் எங்களிடையே வாழ்கின்றனராதலால் இயற்பெயரை எழுதுவது முறையன்று. பட்டப்பெயர் போதும்.

ஓய்வுபெற்ற பின்னர் நல்லூரிலுள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்றின் நடத்துநர்கள் என்னை ஆலோசகராக வந்து அமரும்படி கேட்டனர். என் போன்ற ஒருவன் ரியூசன் கொட்டில் வாசலில் அமர்வதா என்று தயங்கினேன். பின்னர், அங்கே ஒழுங்கைப் பேணவாவது ஒருவர் வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன். அங்கேதான் அவரை அறிந்தேன். சாதாரணதரப் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் அவர் வரலாற்று மீட்டல் வகுப்பு எடுப்பார். ஆதி நாகரிகங்கள் முதல் ஐரோப்பிய மறுமலர்ச்சி வரையான உலக வரலாறு அவருடைய பங்கு. இலங்கை வரலாற்றை இன்னொருவர் பார்த்துக்கொண்டார்.

மெலிந்த உடல். கையை ஒரே மடிப்பு மடித்த வெள்ளைச் சட்டை. தகரக் கூரையின் கீழ் வெக்கையில் வாங்குப் பலகைகளில் நெருங்கியிருந்த பிள்ளைகளுக்கு முன்னால், ஒலிவாங்கியை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். தெரிந்த ஒன்றைச் சொல்லும்போது சோக்கட்டியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். தெரியாத ஒன்று வரும்போது சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். கடைசி வாங்கில் இருப்பவனும் அந்தக் கைகளைக் கண்டு எது தெரிந்தது, எது தெரியாதது என்று பிரித்தறிந்துவிடலாம்.

நான் முதன்முதலாகக் கேட்ட வகுப்பு சிந்துவெளி பற்றியது. வாசலில் நின்றே கேட்டேன்.

"மொகெஞ்சதாரோச் சனத்துக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார் அவர்.

பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான். "ஆரியர் வந்து அழிச்சவை, சேர்."

"நீர் பாத்தனீரோ?"

வகுப்புச் சிரித்தது. அவன் விடவில்லை. "புத்தகத்திலை கிடக்கு, சேர்."

"புத்தகம் பாத்ததோ?"

இப்போது ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். "வெள்ளம் வந்தது, சேர்."

"வெள்ளம் வந்ததுக்குச் சேறு கிடக்கு. ஓம்." மேசையில் ஒரு தட்டு. "ஆனால், பிள்ளை, அவ்வளவு சனமும் அந்த வெள்ளத்திலையோ போச்சுது? கட்டின வீடு, வெட்டின கிணறு, குளிக்கிற கேணி எல்லாத்தையும் விட்டிட்டு எங்கை போனவை? எழுதி வைச்சிட்டுத்தான் போயிருக்கினம். அந்த எழுத்தை இண்டைவரைக்கும் ஒருத்தராலும் வாசிக்க ஏலேல்லை." சோக்கட்டி மேசைக்குப் போயிற்று. கைகள் விரிந்தன. "தெரியாது. எழுதுங்கோ, பிள்ளையள்: தெரியாது."

"சோதினையிலை அப்பிடி எழுதினால் புள்ளி போடுவினமோ, சேர்?"

"அதுவும் தெரியாது."

கூரை அதிரும்படி சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மீட்டல் வகுப்பு என்பது பரீட்சைக்கு முன்னர் பிள்ளையின் மனத்தைத் திடப்படுத்துவதற்கு. இவரோ உறுதியாய் இருந்ததையும் ஆட்டிவிட்டு அனுப்புகிறார் என்று எனக்குப் பட்டது.

நான் எண்ணியபடியே முறைப்பாடு வந்தது. வங்கியில் பெரிய பதவி வகித்த ஒரு தந்தை என் மேசைக்கு முன் வந்து நின்றார்.

"ஐயா, உதென்ன பகிடியே? தெரியாததைத் தெரிஞ்சுகொள்ளத்தானே பிள்ளையை இஞ்சை விடுறம். உவர் தெரிஞ்சதையும் தெரியாது எண்டெல்லோ எழுதப் பழக்கிறார்!"

மாஸ்ரரை அழைத்தேன். பரீட்சகர் ஐந்து காரணம் கேட்டால் ஐந்து காரணம் எழுதவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"எழுதட்டும், ஐயா. நான் மறிக்கேல்லை," என்றார் அவர், தணிந்த குரலில். "முடிக்கேக்கை 'எனக் கருதுவர்' எண்டு முடிக்கச் சொல்லுறன். அவ்வளவுதான். தெரிஞ்சதையும் நினைக்கிறதையும் ஒரே மாதிரி எழுதிப் பழகினால், நாளைக்கு உந்தப் பிள்ளையள் ஆர் என்ன சொன்னாலும் நம்பிப் போடுங்கள்."

'எனக் கருதுவர்' என்பதை நான் அனுமதித்தேன்; 'தெரியாது' என்பதைத் தடுத்தேன். அவ்வாண்டுப் பெறுபேறுகள் மோசமில்லை. அதற்கு அவருடைய முறை காரணமா, பிள்ளைகளின் உழைப்புக் காரணமா என்பதில் எனக்கு இன்றும் ஐயமுண்டு.

இன்னொரு சம்பவம், கல்வி நிலையத்தின் பரிசளிப்பு விழாவில் நடந்தது. பிரதம விருந்தினர் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு வைத்தியர். அவர் தமது உரையில், சுமேரியர் தமிழரே என்றும், உலகின் முதல் நகரத்துக்கு 'ஊர்' என்று பெயரிட்டவர் வேறு யாராக இருக்கமுடியும் என்றும் முழங்கினார். பெற்றோர் எழுந்து நின்று கைதட்டினர். நன்றியுரை எங்கள் மாஸ்ரருடையது. பொன்னாடை போர்த்தியவருக்கும், மின்விளக்குப் பூட்டியவருக்கும் முறைப்படி நன்றி கூறிய பின்னர், "பிரதம விருந்தினர் ஐயா சுமேரியர் பற்றிச் சொன்னதற்கும் நன்றி. அது எனக்குத் தெரியாது," என்று கூறி அமர்ந்துவிட்டார். மேடையில் அவருக்கு அருகில் இருந்தவன் நான். வைத்தியரின் கழுத்து சிவந்ததைக் கண்டேன். வந்த விருந்தினரை அவ்வாறு நடத்துவது எங்கள் கல்லூரி மரபன்று என்று மறுநாள் அவரிடம் எடுத்துரைத்தேன். "மன்னியுங்கோ, ஐயா," என்றார். ஆனால் சொன்னது பிழை என்று சொல்லவில்லை.

அதுவரையில் அவரை நான் பிடிவாதக்காரர் என்றே மதிப்பிட்டிருந்தேன். என் மதிப்பீட்டைக் குலைத்தவர் அவருடைய மனைவி.

அந்த அம்மையார் ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் கல்வி நிலையத்துக்கு வருவார். மறுமலர்ச்சி மீட்டப்படும் நாளில், குடையை மடித்துக்கொண்டு வெளியே வேம்பின் கீழ் நிற்பார். உள்ளே வரமாட்டார். ஒரு முறை நான் நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் வைக்கச் செய்தேன்.

"இண்டைக்கு மறுமலர்ச்சி எல்லே, ஐயா?" என்றார். "இதை மட்டும் கேக்க வாறனான்."

உள்ளே மாஸ்ரருடைய குரல் கேட்டது. "ரோமாபுரி விழுந்தாப் பிறகு, பழைய கிரேக்கப் புத்தகங்கள், ரோமப் புத்தகங்கள் கனக்க எங்கை போச்சுதெண்டு ஐரோப்பாவிலை ஒருத்தருக்கும் தெரியாமல் போச்சு. எரிஞ்சுதோ, கிடக்குதோ, தெரியாது. எத்தினை தலைமுறை அப்பிடியே போச்சுது. பிறகு இத்தாலியிலை சில பேர் தேட வெளிக்கிட்டினம். துறவிமடங்களிலை பூட்டிக் கிடந்த அறையளுக்கை தேடிச்சினம். கொன்ஸ்தாந்திநோபிளிலை இருந்து இடம்பெயர்ந்து வந்தவையின்ரை பெட்டியளுக்கை தேடிச்சினம். கிடைச்சுது." மேசையில் சோக்கட்டி தட்டும் ஓசை வெளியே கேட்டது. "அதிலை இருந்துதான் மறுமலர்ச்சி துவங்குது."

ஒரு பெண்பிள்ளையின் குரல். "அப்ப, தேடினால் கிடைக்கும், என்ன சேர்?"

சோக்கட்டி தட்டும் ஓசை கேட்கவில்லை. அவர் சோக்கட்டியை மேசையில் வைத்திருப்பார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

"தேடினதெல்லாம் கிடைக்கேல்லை, பிள்ளை. கிடைச்சதைத்தான் நாங்கள் படிக்கிறம்."

நாற்காலியில் இருந்த அம்மையார் என் பக்கம் திரும்பினார். "பாத்தியளே, ஐயா? அந்தப் பெட்டை ஆசையாக் கேட்டது. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?"

நான் பொதுவாக ஏதோ சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"ஊருக்குச் சொல்லுறதையே வீட்டிலையும் சொல்லுறார். எங்கடை பிள்ளை இருக்கிறானோ எண்டு கேட்டால், தெரியாது எண்டுறார். இத்தினை வருசமா ஒரே சொல்லு. ஒருக்கா, ஒரேயொருக்கா, 'இருக்கிறான்' எண்டு சொல்லுங்கோ எண்டு கேக்கிறன். பொய்யெண்டாலும் பறவாயில்லை, ஐயா. எனக்கு அந்த மனிசன்ரை வாயாலை கேக்கவேணும்."

அவர்களுக்கு ஒரே மகன். வீதிக்கு வீதி காவலரண் இருந்த காலத்தில், ஒரு காலையில், பல்கலைக்கழகத்துக்கென்று சைக்கிளில் புறப்பட்டவன் வீடு திரும்பவில்லை. சைக்கிள் ஓர் ஒழுங்கை மதிலோடு சாத்தியபடி கிடைத்தது. பூட்டியிருந்தது. அந்த இடத்தில் வான் வண்டி ஒன்று நின்றதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தாம் அப்படிச் சொல்லவேயில்லை என்றார். பெற்றோருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முகாம்கள், அரச கந்தோர்கள், விசாரணைகள் என்று அம்மையார் ஏறி இறங்கினார். மாஸ்ரரும் உடன் போனார். ஓர் அலுவலகத்தில் அதிகாரி ஒருவர், மரணச் சான்றிதழுக்கு ஒப்பமிட்டால் உதவித்தொகை கிடைக்கும் என்று பரிவோடு கூறினாராம். அவ்விடயத்தை மாஸ்ரரே எனக்குச் சொன்னார்.

"எந்தத் திகதி போடுவியள் எண்டு கேட்டன். நீங்கள் சொல்லுற திகதி எண்டார். தம்பி, நான் சரித்திரம் படிப்பிக்கிறவன். நான் சொல்லுற திகதியிலை ஒரு ஆளைச் சாகடிக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

உறவினரும் விடவில்லை. மனைவியின் தம்பி ஒவ்வோர் ஆண்டும் வந்து, "அத்தான், கீரிமலைக்குப் போய்ச் செய்யவேண்டியதைச் செய்து விடுங்கோ. அந்த ஆத்துமா அலையக் கூடாது," என்பார். "எந்தத் திதியிலை?" என்று இவர் கேட்பார். இறந்த திதி தெரியாமல் கிரியை செய்வதற்கும் வழியுண்டென்று குருக்கள் சொன்னார். இறந்தான் என்று தெரியாமல் செய்ய வழியுண்டா என்று இவர் கேட்டார். குருக்கள் எழுந்து போய்விட்டார்.

அம்மையார் வேம்பின் கீழ் கூறியதை நான் மனத்துள் வைத்துக்கொள்ளவில்லை. வயதில் மூத்தவன் என்ற முறையில், மனைவியின் மனஆறுதலுக்காகச் சொல்லும் ஒரு சொல் பொய்யாகாது என்று அவருக்கு எடுத்துக் கூறினேன்.

அவர் புறப்பட எடுத்த சைக்கிளைத் திரும்ப வேம்போடு சாத்தினார்.

"நான் தெரியாததைச் சொல்ல மாட்டன் எண்டு அவவுக்கு நல்லாத் தெரியும், ஐயா. அதுதான் கரைச்சல். வேறை ஆரும் 'இருக்கிறான்' எண்டு சொன்னால் அவ ஆறுதலுக்குச் சொல்லுறினம் எண்டு எடுப்பா. நான் சொன்னால் எங்கையோ கண்டிட்டுத்தான் சொல்லுறன் எண்டு நம்பிப் போடுவா. பிறகு, எங்கை எண்டு கேப்பா. அதுக்கு நான் என்ன சொல்லுறது?"

எனக்கு விடை இருக்கவில்லை. இல்லை என்பதை நான் அவரிடம் காட்டிக்கொள்ளவுமில்லை.

சில ஆண்டுகளின் பின் அம்மையாரைப் புற்றுநோய் பற்றியது. வயிற்றில் தொடங்கியது, முள்ளந்தண்டுக்குப் போனது. அந்த ஆண்டு மறுமலர்ச்சி வகுப்பில் வேம்பின் கீழ் நாற்காலி இல்லை. மாஸ்ரரும் அந்தப் பாடத்தை விரைவாகவே முடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் இரு முறை பார்க்கச் சென்றேன். அம்மையார் கண் திறக்கும் போதெல்லாம் கணவரின் முகத்தையே பார்த்தார். கேள்வி அந்தக் கண்களில் இருந்தது. கடைசி வேளையிலாவது அவர் அந்தச் சொல்லைச் சொன்னாரா என்பதை நான் அறியேன். கேட்பது பண்பன்று.

அம்மையார் காலமான அன்று முற்பகல் என்னை அழைத்திருந்தார்கள். எங்கள் பகுதியில் மரண அறிவித்தல் பிழையின்றி எழுதவேண்டுமாயின் என்னிடம் வருவது வழக்கம். அறியாதவருக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து அறிவித்தலில் இறந்தவரின் உறவினர் ஒருவர் விடாமல் வரிசைப்படி வருவர். அவர்களுள் இறந்தோருக்குப் பெயரின் முன் 'காலஞ்சென்ற' என்று வரும். இருப்போருக்குப் பெயரின் பின் அடைப்புக்குறிக்குள் அவர்கள் வாழும் இடம் வரும்: கனடா, இலண்டன், சுவிஸ். இவ்விரண்டில் ஒன்று இல்லாத பெயரை நான் அதுவரை எழுதியதில்லை.

முன் விறாந்தையில் அமர்ந்து, தாய் தந்தையர், கணவர் என எழுதி, பிள்ளை என்ற இடத்துக்கு வந்து பேனையை நிறுத்தினேன். அம்மையாரின் தம்பி எனக்குப் பின்னால் நின்றார்.

"காலஞ்சென்ற எண்டு போடுங்கோ, ஐயா," என்றார்.

"போடாதையுங்கோ," என்றார் மாஸ்ரர்.

"அத்தான், இனி ஆருக்காக? அக்காவுக்காகச் செத்திட்டான் எண்ட சொல்லைச் சொல்லாமல் இருந்தியள் எண்டு நாங்கள் பேசாமல் இருந்தம். அக்காவும் போட்டா."

"ஆருக்காகவும் இல்லை. தெரியாது."

"எண்டால் அவன்ரை பேரை விட்டிடுவம். வீண் கதை வராது."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அவ பெத்தவ. பேர் வரவேணும்."

"வந்தால் எந்த நாடெண்டு கேப்பினம். என்னத்தைப் போடுறது? அடைப்புக்குறிக்கை 'தெரியாது' எண்டோ?"

"போடலாம்."

நான் பேனையைக் கீழே வைத்தேன். அவ்வாறு எழுதுவது மரபன்று என்றும், வாசிப்பவர் நகைப்பர் என்றும், அந்த நகைப்பு இறந்த அம்மையாரின் பெயரின் மீதே படியும் என்றும் கூறினேன். என் சொல்லை அவர் மதித்தார், அல்லது களைத்துப்போனார்.

"அப்ப பேரை மட்டும் போடுங்கோ. முன்னுக்கும் ஒண்டும் வேண்டாம், பின்னுக்கும் ஒண்டும் வேண்டாம்."

அவ்வாறாயின் மகன் உயிரோடு இருப்பதாகவே வாசிப்பவர் கொள்வர் என்று எச்சரித்தேன்.

"கொள்ளுறவை கொள்ளட்டும், ஐயா. நான் பொய் எழுதேல்லை."

அறிவித்தல் மறுநாள் காலைப் பத்திரிகையில் வந்தது. எழுத்துப்பிழை ஒன்றும் இருக்கவில்லை. நான் எச்சரித்ததுதான் நடந்தது. வெளிநாடுகளிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்தன, துக்கம் விசாரித்த பின், "மகன் வந்திட்டாராமே?" என்று குரல் தாழ்த்திக் கேட்டார்கள். செத்தவீட்டுக்கு வந்த சனம் முற்றத்தில் நின்று முகங்களைத் தேடிற்று. கொள்ளிக் குடம் தூக்கியவன் அம்மையாரின் தம்பி மகன். ஒரு முதியவள் அவனுடைய கன்னத்தைத் தடவி, "எங்கையடா மோனை இவ்வளவு காலமும் இருந்தனி?" என்று அழுதாள். அவன் செய்வதறியாது தன் தகப்பனைப் பார்த்தான். கேட்டவர்களுக்கெல்லாம் மாஸ்ரர், "தெரியாது," என்றார். துக்கத்தில் மனிதருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று அவர்கள் ஒதுங்கினர்.

எட்டாம் நாட் கிரியைக்கு முதல்நாள் ஒரு பெண் வந்தார்.

முற்பகல். நானும் மாஸ்ரரும் விறாந்தையில் இருந்தோம். வாசற் படலையில் மாஸ்ரரின் மைத்துனர் யாரையோ மறித்துக் கேட்பது காதில் விழுந்தது.

"ஆரையம்மா தேடுறியள்?"

"மாஸ்ரரை. மகன் கிடைச்ச மாஸ்ரரை."

அறுபது வயதை அண்மித்தவர். கழுத்தில் செபமாலை, கையில் ஒரு பொலித்தீன் பை. சந்தையிலிருந்து நேரே வந்திருந்தார். சேலையில் மீன் வாடை இருந்தது. மைத்துனர் முற்றத்து வாங்கைக் காட்டினார். மாஸ்ரர் எழுந்து, விறாந்தையில் தன் பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "இதிலை இருங்கோ, அம்மா," என்றார். அயல்வீட்டார் அனுப்பிய தேநீரை நான் ஊற்றுவித்தேன்.

"நான் குருநகர், சேர். மீன் சுத்திக் குடுக்கப் பேப்பரை எடுக்கேக்கைதான் கண்டனான்." பையிலிருந்து கிழிந்த பத்திரிகைத் தாளை எடுத்து மடிப்பைப் பிரித்தார். "உங்கடை வீட்டுக்கார அம்மாவும் நானும் ஒண்டாத்தான் கந்தோர் வாசல்லை நிண்டனாங்கள். உங்கடை பிள்ளையும் என்ரை பிள்ளையும் ஒரே மாசம். அம்மாவின்ரை படத்தைக் கண்டு அழுதன். பிறகு கீழை வாசிச்சன். பிள்ளையின்ரை பேர் கிடக்கு. காலஞ்சென்ற எண்டு இல்லை." அவருடைய குரல் தாழ்ந்தது. "எந்த முகாமிலை வைச்சிருந்தவங்கள், சேர்? ஆரைப் பிடிச்சு எடுத்தனீங்கள்? சொல்லுங்கோ. மாதாவாணை ஒருத்தருக்கும் சொல்லேன்."

அந்தப் பெண் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அவருடைய மடியில் வைத்தார். பளபளக்கும் உறையிட்ட புகைப்படம். மீசை அரும்பிய பெடியன் ஒருவன், இரவல் கோட்டு ஒன்றுக்குள் நின்றான்.

"என்ன வயசு?" என்றார் மாஸ்ரர்.

"இருபத்திரண்டு, சேர்."

அந்தப் பெடியன் இன்று நாற்பதை அண்மித்திருக்க வேண்டியவன். ஆண்டுக் கணக்கில் ஒரு பிழையையும் வகுப்பில் போகவிடாத மனிதர், இதைத் திருத்தவில்லை. புகைப்படத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றார் பின்னர். "நீங்கள் பிழையா விளங்கிப் போட்டியள். என்ரை மகன் கிடைக்கேல்லை. அவன் செத்துப் போனான்."

மைத்துனருக்குச் சொல்லாததை, கந்தோருக்குச் சொல்லாததை, குருக்களுக்குச் சொல்லாததை அவர் சொல்ல நான் கேட்டது அன்றுதான். மைத்துனர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் அவரை உற்றுப் பார்த்தார். "எப்ப?"

மாஸ்ரர் புகைப்படத்துக்குக் குனிந்தார்.

"உடம்பைக் காட்டினவங்களோ?"

"இல்லை."

"கண்டனாங்கள் எண்டு ஆரும் சொன்னவையோ?"

"இல்லை, அம்மா."

"அப்ப ஏன் சேர் உந்த வாயாலை அப்பிடிச் சொல்லுறியள்?" அவர் எழுந்துவிட்டார். குரல் உயர்ந்தது; சந்தையில் கூவிப் பழகிய குரல். "பெத்தவ போய் எட்டும் கழியேல்லை. அதுக்கிடையிலை பிள்ளையையும் சாகடிக்கிறியளே? நான் ஏமாந்து போவன் எண்டு பாவம் பாத்துச் சொல்லுறியள் போல. எனக்கு உந்தப் பாவம் வேண்டாம். எத்தினை பேர் இப்பிடி எனக்குப் பாவம் பாத்தாச்சு. குறிப்புப் பாத்து இருக்கிறான் எண்டு சொல்லிச் சாத்திரி காசு வாங்கினான். செத்திட்டான் எண்டு சொல்லிக் கந்தோரிலை கையெழுத்துக் கேட்டவங்கள். நீங்கள் படிச்ச மனிசன். உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ."

மாஸ்ரருடைய வாய் அசைந்தது. எத்தனையோ வகுப்புகளில் மிக இலகுவாக வந்த சொல் அன்று வர நேரமெடுத்தது.

"தெரியாது, அம்மா."

"ஓம்," என்றார் அந்தப் பெண். திரும்ப அமர்ந்தார். "எனக்கும் தெரியாது."

ஆறிப்போயிருந்த தேநீரை இருவரும் குடித்தார்கள். மாஸ்ரர் புகைப்படத்தைத் தம் சட்டை நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

செத்தவீட்டிலிருந்து புறப்படுபவர் விடைபெறாமற் செல்வதே எம்மிடையே முறை. 'போட்டு வாறன்', அதாவது போய்வருகிறேன், என்று அங்கு சொல்வதில்லை. அந்த வீட்டுக்கு மீண்டும் அவ்வாறு வரும்படி நேரக்கூடாது என்பது கருத்து. குருநகராரும் அந்த முறையை நன்கு அறிந்தவர்களே. அந்தப் பெண் பையைக் கையில் கோத்துக்கொண்டு படியிறங்கினார். முற்றத்தில் நின்று திரும்பினார்.

"போட்டு வாறன், சேர். எங்கையும் ஏதும் அறிஞ்சால் வந்து சொல்லுறன். உங்கடை பிள்ளையையும் சேத்துத்தான் கேப்பன்."

மைத்துனர் முகத்தைச் சுளித்தார். அபசகுனம் என்று வாய்க்குள் சொன்னதும் எனக்குக் கேட்டது. மாஸ்ரர் அதைக் கேட்டவராகத் தெரியவில்லை. எழுந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் படிவரை இறங்கி வந்தார்.

"வாங்கோ," என்றார்.